கதவுக்குள் போன கை

கார்க் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. கைப்பிடியைச் சுற்றினால் அது பாட்டுக்குச் சும்மா சுற்றியது.

பல் டாக்டர் தெருவை எட்டிப் பார்த்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மச்சான் வருகிறார். அதற்குள் கண்ணாடி ஏறியாக வேண்டும்.

இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய அந்தப் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை, மனைவியின் அண்ணனான அந்த மச்சான்தான் போன மாதம் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது சாவியை விடாமல் பிடித்துக்கொண்டே பேசினார்.

"ஒரு மெக்கானிக் விரல் இதுமேல பட்டதில்ல மாப்ள. எல்லா ரிப்பேரும் நானே பண்ணுனது. உங்களால முடியலேன்னா சொல்லிடுங்க, திரும்ப எடுத்துக்கறேன்."

"எங்க அண்ணா கை பட்டா எதுவும் ஓடும்" என்று மனைவி பெருமையாகச் சொன்னாள். டாக்டர் கை பட்டு நின்றுபோன சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே நின்றுதான் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியை லேசாக அழுத்தினார். அது 'தடக்' என்று கதவுக்குள் விழுந்து மறைந்தது.

வீட்டுக்குக் கீழேயே கிளினிக். அங்கிருந்து பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்துவந்து, கதவின் உள்பலகையைப் பெயர்த்தார். பலகை வந்தது. கூடவே ஒரு ஸ்பிரிங்கும் வந்து, பறந்து, சாக்கடையில் விழுந்தது. எதற்கான ஸ்பிரிங் என்று யோசிக்க அவர் விரும்பவில்லை. மண்டியிட்டு, கதவின் ஓட்டைக்குள் வலது கையை விட்டுக் கண்ணாடியைத் தூக்கினார். தூக்கிய கண்ணாடி நழுவி, ஓர் இரும்புக் கம்பியோடு சேர்த்து அவர் மணிக்கட்டைக் கவ்விக்கொண்டது.

கை வரவில்லை.

"என்னங்க, நோயாளி வந்து உட்கார்ந்திருக்காங்க" என்று மாடியிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"வரேன்" என்றார் டாக்டர். வரவில்லை.

மனைவி இறங்கி வந்து பார்த்தாள். சமையலறைக்குப் போய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். கை வழுக்கியது, ஆனால் உள்பக்கமாக. இப்போது முழங்கை வரை போய்விட்டது.

கன்னம் வீங்கிய நோயாளி வெளியே வந்தார். இத்தனை நாளும் அவர் வாயைப் பிளந்துகொண்டு கிடக்க, டாக்டர்தான் மேலே நின்று பார்ப்பார். இன்று டாக்டர் தரையில்.

"ழொம்ப வலிக்குதா டாக்டழ்?" என்று அவர் கன்னத்தைப் பிடித்தபடி கேட்டார். டாக்டருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதவுக்குள் வைக்க இடமிருந்தால் அதையும் வைத்திருப்பார்.

நோயாளி உதவி செய்ய நினைத்துக் கைப்பிடியைச் சுற்றினார். இத்தனை நேரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்த கைப்பிடி, இப்போது பார்த்துப் பிடித்துக்கொண்டது. கண்ணாடி இன்னும் இறுகியது.

"மரத்துப் போற ஊசி போட்டுரட்டுமா டாக்டர்?" என்று கிளினிக் நர்ஸ் நிஜமான அக்கறையோடு கேட்டாள். "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." அது டாக்டர் தினமும் சொல்லும் வசனம்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து இறங்கினார். மூவரையும் விலக்கிக்கொண்டு வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"என்ன மாப்ள இது? இந்தக் கதவை நான் எத்தனை தடவை பிரிச்சுப் பூட்டியிருப்பேன். ஒரு பொறுமை வேணாமா?"

"கண்ணாடி கொஞ்சம்..." என்று டாக்டர் ஆரம்பித்தார். காது வரை சூடேறியது. நாளைக்கு இந்தக் கையால் யார் வாயைத் தொட முடியும் என்ற பயம் வேறு.

"விரல் நீலமாகுது. தீயணைப்புக்கு போன் போடறேன்" என்றாள், ஓட்டைக்குள் எட்டிப் பார்த்த மனைவி.

"அவங்கெல்லாம் எதுக்கும்மா? வேணாம், வேணாம். நானே எடுத்துடறேன்" என்றார் மச்சான்.

அதற்குள் அவள் போட்டுவிட்டாள்.

மணி அடித்துக்கொண்டு பெரிய வண்டி வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. மச்சான் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நோயாளிக்குப் பின்னால் போய் நின்றார்.

தீயணைப்புக்காரர் கதவை ஒரு பார்வை பார்த்தார். தேடாமல், தடவாமல், இரண்டு திருகுகளை மட்டும் தளர்த்தினார். கண்ணாடி விலகியது. எண்ணெய் வடிய டாக்டரின் கை வெளியே வந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தார். ஐந்தும் மடங்கின.

டாக்டர் தலைகுனிந்தபடியே மச்சானிடம் போனார்.

"மன்னிச்சிடுங்க மச்சான். நீங்க அவ்வளவு பத்திரமா வச்சிருந்த வண்டி. எனக்கு இதெல்லாம் வராது. எடுத்துட்டுப் போயிடுங்க."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்பா எடுத்துக்காதேண்ணா. உன் கை வேற, அவர் கை வேற."

மச்சான் வேறெங்கோ பார்த்தார்.

கருவிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த தீயணைப்புக்காரர், அந்தக் கறுப்புக் கண்ணாடி முகத்தை அப்போதுதான் கவனித்தார். முகம் மலர்ந்தது.

"நல்லாயிருக்கீங்களா சார்? இந்தக் கதவுல மாட்டுன ரெண்டு கையும் இப்ப சரியாயிடுச்சா?"