மூட்டையண்ணனுக்கு மூக்கு வைத்த கதை

உதவி செய்கிறேன் என்று கிளம்புகிறவனைவிட ஆபத்தானவன் உலகத்தில் கிடையாது. ஒரு காலத்தில் அந்த ஆள் நான்தான். (இப்போதும் அப்படித்தான் என்பாள் என் மனைவி. அவள் கிடக்கட்டும்.)

நான் பள்ளிக்கூடம் போன நாட்களில், ராயபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்தது. கேசட்டின் மேல் நூறு விளையாட்டு என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் நூறும் ஒன்றுதான். முதுகில் மூட்டையோடு ஒரு குள்ளன் இடமிருந்து வலமாக ஓடுவான், பள்ளம் வந்தால் குதிக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. அவன் பெயர் தெரியாததால் நானும் தங்கச்சி வளர்மதியும் 'மூட்டையண்ணன்' என்று பெயர் வைத்தோம். அவன் குதித்தால் அவளும் சோபாவிலிருந்து குதிப்பாள். நாலாவது கோட்டைக்கு அப்புறம் ஒரு பெரிய பள்ளம். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து.

"இன்னொரு வாட்டிண்ணா, இந்த வாட்டி தாண்டிரலாம்!" என்பாள். வருஷக்கணக்காகத் தாண்டவில்லை. ஒரு நாளும் சலிக்கவும் இல்லை.

படித்து முடித்து ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் நம் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. ஆறு மாதம் பயிற்சி. "இந்த ஆர்டரத் தனியாப் பாத்து முடிச்சுப்போடுங்க கண்ணு, வேலைய நிரந்தரம் பண்ணீரலாமுங்க" என்றார் முதலாளி.

குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர். நெஞ்சில் அச்சிட வேண்டிய படம் மெயிலில் வந்தது. திறந்து பார்த்தால், அட, நம் மூட்டையண்ணன்! ஆனால் ஆள் கட்டம் கட்டமாக நொறுங்கிக் கிடந்தார். கண் ஒரு சதுரம், மூக்கு ஒரு சதுரம், வாயே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

பிரிண்டிங்குக்குப் படம் தயார் செய்கிறவர் மணியண்ணன், திருநெல்வேலிக்காரர். அவரும் பார்த்துவிட்டு, "படம் உடைஞ்சுல்லா கெடக்கு தம்பி" என்றார்.

"சரி பண்ணீருங்கண்ணா. இவர எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும்."

"மூக்கு எப்படி இருக்கும்?"

"நல்லா எடுப்பா இருக்குமுங்க."

"சிரிப்பாரா?"

"பின்னே? குதிக்கிறவரு சிரிக்காம இருப்பாருங்களா?"

இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தார். நடுநடுவே மேஜையில் இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார். தலை சீவுகிறார் என்று நினைத்தேன்.

படத்தில் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது என்று மெயிலில் எழுதியிருந்தது. எல்லா பையரும் எழுதுவதுதானே என்று விட்டுவிட்டேன். முதலில் ஒரே ஒரு துணியில் மாதிரி அச்சடித்து அனுப்பி, சரி என்று பதில் வந்த பிறகுதான் மொத்தத்தையும் அச்சடிக்க வேண்டும். அதையும் விட்டேன். ஆர்டர் கொடுத்த பையர் ஒரு அம்மா; அவர் நேரில் வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்ற ஆசை. தைப்பதற்கு முன் வெட்டி வைத்த நானூறு முன்பக்கத் துணிகளிலும் மூட்டையண்ணன் பளபளவென்று சிரித்தார்.

வந்தார் அந்த பையர் அம்மா. துணியை எடுத்தார். "ஹூ இஸ் திஸ் மேன்?" என்றார்.

நான் அவருடைய படத்தில் இருந்த குறைகளையும், நான் அவற்றைக் களைந்த விதத்தையும் பத்து நிமிஷம் விளக்கினேன். (முதலாளி முகத்தை நான் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் முடித்திருப்பேன்.) அப்போது கதவைத் திறந்துகொண்டு மணியண்ணன் சிரித்தபடி உள்ளே வந்தார்.

அந்த அம்மா துணியைப் பார்த்தார், மணியண்ணனைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். முதலாளியும் பார்த்தார். கடைசியாக நான் பார்த்தேன். அதே விடைத்த காது, அதே மூக்கு, அதே முன்பல் சந்து. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே மணியண்ணன் ஆகியிருந்தது.

"மூக்குக்கு நான் எங்க தம்பி போவேன்? கண்ணாடியில உள்ளதப் போட்டேன்" என்றார் அவர்.

அந்த அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மொத்தத்தையும் ரிஜெக்ட் செய்தார். பிறகு போனில் பழைய விளையாட்டை எடுத்துக் காட்டினார். அவன் எப்போதுமே கட்டம்தானாம். அவரும் சின்ன வயதில் அவனோடுதான் ஓடினாராம். எங்கள் வீட்டு டிவியோ யாரோ கழித்துக் கட்டியது. நிறமெல்லாம் கலங்கி, கட்டமே தெரியாது. அந்த முகத்தை இத்தனை வருஷமும் நானே வரைந்து வைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, சொல்ல முடியவில்லை.

"துணிய மறுக்கா வெட்டச் சொல்லீட்டனுங்க. நீங்களும் மறுக்கா ஆறு மாசம் பயிற்சியில இருங்க கண்ணு" என்றார் முதலாளி. பள்ளத்தில் விழுந்தால் முதலிலிருந்து. எனக்குப் பழகிய சட்டம்தான். இந்தப் பள்ளத்தை இரண்டாவது தடவையில் தாண்டிவிட்டேன்.

ரிஜெக்ட் ஆன துணிகளும் டி-ஷர்ட் ஆகின. மணியண்ணன் ஒரு மூட்டை ஊருக்குக் கொண்டுபோனார். கோயில் கொடைத் திருவிழாவில் பிள்ளைகள் எல்லாம் அவர் முகத்தோடு திரிய, "மணி எலெக்‌ஷன்ல நிக்கானோ?" என்று கேட்டார்களாம். நாலைந்து எங்கள் வீட்டுக்கும் வந்தன. என் ஆறு வயது மகள் இன்றும் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். நான் எதைச் சரி பண்ணக் கிளம்பினாலும், "அண்ணா, மூக்கு வெச்சுராதே!" என்பாள் வளர்மதி.

போன மாதம் அவள் அந்த விளையாட்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்து எங்கள் பெரிய டிவியில் போட்டாள். கட்டங்கள் தரையில் பதித்த டைல்ஸ் போலத் துல்லியமாகத் தெரிந்தன. நாலாவது கோட்டையைத் தாண்டிவிட்டாள். பெரிய பள்ளம் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அதுவரை அந்த விளையாட்டைப் பார்த்தே இராத என் மகள் அறைக்குள் வந்து, டிவியைப் பார்த்து, துள்ளிக் குதித்தாள்.

"ஐ! மணி மாமா ஓடறாரு!"

வளர்மதி சிரித்த சிரிப்பில் பட்டனை விட்டுவிட்டாள். மணியண்ணன் நேராகப் பள்ளத்தில் விழுந்தார்.