மழையில் மடக்கிய குடை

துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவ இனி ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூட்டையோடு சைகோன் நகரத்து 'பென் தான்' சந்தையைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தூறலில் தெருவே அரைத்தூக்கத்தில் மிதந்தது. எதிரே கஜெத் வந்தார். கக்கத்தில் நல்ல குடை. ஆனால் ஆள் தொப்பலாக நனைந்திருந்தார்.

சைகோனில் கஜெத் சொல்லாமல் எந்தத் தமிழனும் பிறந்ததில்லை, கல்யாணம் செய்ததில்லை, செத்ததுமில்லை. காரைக்காலிலிருந்து வந்த பழைய குமாஸ்தா; அதனால் 'முசே' என்று பிரெஞ்சு மரியாதை. கஜெத் என்றால் பிரெஞ்சில் செய்தித்தாள்; சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். காலையில் தமிழர் வீட்டு வாசல்தோறும் நின்று சேதி சொல்வார். வீட்டுக்கு வீடு காப்பி. குடை விரிந்திருந்தால் நல்ல சேதி, மடங்கியிருந்தால் சாவு. மழைக்காலத்தில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால் அவருக்கும் ஜுரம் கண்டுவிடும்.

"யாரு முசே?" என்றேன்.

"நம்ம ராஜபார்ட் பக்கிரி. போயிட்டான்யா."

அன்று மாலை மாரியம்மன் கோயிலில் நாடகம். பக்கிரிதான் ராஜா.

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்கணுமா? சன்னலோரமா வர்றேன், அவன் வியட்நாம் பொஞ்சாதி கத்துறா, 'செத் ரோய்! செத் ரோய்!'னு. பாவம், துக்கத்துல தமிழ்லயே அழுவுறா!"

எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பசி அதைவிடப் பெரிதாக இருந்தது. சாவு வீட்டில் யாராவது சோறு போடுவார்கள் என்று பின்னாலேயே போனேன்.

மாரியம்மன் கோயில் இருக்கும் த்ருவோங் டின் தெருவில் சேதி பரவியது. மிருதங்கம் நின்றது. கோயில்காரர்கள் மாலை வாங்கினார்கள். மாதா கோயில்காரர்கள் மெழுகுவர்த்தியோடு வந்து சேர்ந்தார்கள். தூரத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டது. அதை யாரும் சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. புளியமரத்து இலைகள் தலையில் உதிர, ஊர்வலமாகப் போய்க் கதவைத் தட்டினோம்.

கிரீடத்தோடு பக்கிரி வந்து திறந்தார்.

"என்னா எல்லாரும் அழுவுறீங்க? யாரு போயிட்டா?"

எல்லோரும் கஜெத்தைத் திரும்பிப் பார்த்தோம். பக்கிரியின் மனைவி ராஜா அங்கியைத் தூக்கிக் காட்டினாள். நெஞ்சுப் பக்கம் இஸ்திரிப் பெட்டி சுட்டு, அதே அளவுக்கு ஓட்டை.

"மாலை எனக்கா? நல்லதாப் போச்சு, ஓட்டையை மறைச்சிடும்!" என்று வாங்கிப் போட்டுக்கொண்டார் பக்கிரி.

தன் சாவு மாலையோடு அன்று கோயில் மேடையில் அவர் ஆண்ட ராஜ்யத்தைப் போல நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறை மார்தட்டும்போதும் சாமந்தி பறந்தது, ஜனம் உருண்டு சிரித்தது.

"ஏன்யா கஜெத், நாளைக்கி யாரைக் கொல்லப் போறீரு?"

"என் மாமியாரைப் பத்தி ஒரு சேதி சொல்லுமய்யா, புண்ணியமாப் போவும்!"

கஜெத் மட்டும் சிரிக்கவில்லை. மதிலோரம் மடக்கிய குடையோடு நின்றார். எனக்குக் கிடைத்த பொங்கலில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"செத் ரோய்னா அவுங்க பாஷையில 'செத்தாச்சு'ன்னு அர்த்தம்; ஆனா 'ஐயையோ போச்சே'ங்கறதுக்கும் அதைத்தான் சொல்வாங்க, முசே. பாத்திரம் ஒடைஞ்சாலும் அதான், பால் பொங்குனாலும் அதான்."

"பிரான்சு பாஷை இருக்கையில இது எதுக்குன்னு இருந்துட்டேன்." பொங்கலைத் தொடவில்லை. "இனிமே என்னை எவன் வாசல்ல நிக்கவிடுவான்?"

பிறகு, வேறெங்கோ பார்த்தபடி கேட்டார். "ஒனக்கு அவுங்க பேச்சு எல்லாம் புரியுமா?"

"வசவு பூராவும் புரியும். மத்தது பாதி."

மறுநாள் காலை கஜெத்திடமே வேலைக்குச் சேர்ந்தேன். சன்னலுக்கு உள்ளே கேட்கும் வியட்நாம் பேச்சுக்கு அர்த்தம் சொல்வது என் வேலை. அவருக்குக் கிடைக்கும் காப்பியில் பாதி என் கூலி. முதல் வாசலில் கதவு திறக்கவில்லை. இரண்டாவதற்குப் போகையில் பக்கத்துச் சன்னலிலிருந்து அலறல்: "செத் ரோய்!"

கஜெத்தின் கை குடைக் காம்பை இறுக்கிப் பிடித்தது. என்னைப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"தோசை மாதிரி ஒண்ணு. கருகிடுச்சு முசே."

வெயிலுமில்லை, மழையுமில்லை. குடையை விரித்து, என் தலையும் உள்ளே இருக்கும்படி சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.