ஐம்பத்தாறு கோழிக்குரிய மருந்து

செடெனாக்கில் கோழித் தீவனக் கடையும் அதற்குள்ளேயே இலவச ஆஸ்பத்திரியும் நடத்திவரும் மைத்துனர் ராஜசேகரன் அவர்களுக்கு, தெப்ராவிலிருந்து அய்யாவு எழுதுவது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அங்கு உங்கள் கோழிகளும் அப்படியே இருக்கும் என நம்புகிறேன்.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை போன அன்றே, கம்பெனி செலவில் வைத்தியம் பார்க்கும் என் மெடிக்கல் கார்டையும் வாங்கிக்கொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை எச்சில்கூட விழுங்க முடியாமல் தொண்டை வலித்தது. தனியார் கிளினிக் பில்லுக்குப் பயந்து பார்மசிக்குப் போய் ஆண்டிபயாடிக் கேட்டேன். அங்கிருந்த பெண், டாக்டர் சீட்டு இல்லாமல் தர முடியாது, அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள் என்று மரியாதையாகத்தான் சொன்னாள். அங்கே யார் காத்துக் கிடப்பது என்று உங்களுக்குப் போன் செய்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அதற்கு முன் உங்கள் புத்தியை.

ஒரு மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினீர்கள், கோழிக்குத் தண்ணீரில் கலந்து வைக்கும் பொடியோடு. "உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான் மச்சான். கோழிக்கு ஒத்துக்கிறது மனுசனுக்கு ஒத்துக்காதா?" என்றீர்கள். டப்பாவில் அளவு கோழிக் கணக்கில்தான் போட்டிருந்தது. உடனே என்னைத் தராசில் ஏற்றி, நான் எண்பத்து நாலு கிலோ, கோழி ஒன்றரைக் கிலோ, ஆக மொத்தம் நான் ஐம்பத்தாறு கோழி என்று தீர்ப்புச் சொல்லி, அத்தனை கோழிக்கான பொடியையும் கலக்கிக் குடிக்க வைத்தீர்கள். வாழ்நாளில் நீங்கள் சரியாகப் போட்ட வகுத்தல் அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. உங்கள் அக்காள் வாசுகி அழுதுகொண்டே என்னைக் காரில் ஏற்றினாள். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அரசாங்க கிளினிக்கில் டாக்டர் லோஷினி ஊசி போட்டு, மூச்சு சீரானதும், என்ன மருந்து, எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டார்.

"அம்பத்தாறு கோழிக்கு உள்ளதும்மா" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிறகு டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்து, இடுக்கியால் ஒரு முள்ளை எடுத்துக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிட்ட முள்வாளை மீனின் முள்! குத்திய இடம் சீழ் பிடித்திருந்ததால் ஏழு நாளுக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் சேர்த்துக் கட்டணம் ஒரே ஒரு வெள்ளி, ஒரு டீ குடிக்கக்கூடக் காணாத காசு. அந்த ஒரு வெள்ளியை மிச்சப்படுத்தத்தான் நீங்கள் என்னைக் கொல்லப் பார்த்தீர்கள். முள்ளும் உங்கள் உபயம், மருந்தும் உங்கள் உபயம்.

இனி மனிதர் எவருக்கும் மருந்து சொல்லாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரை நீட்டுகிறவன் எவனும் என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. உங்கள் மனைவி கஸ்தூரிக்கு என் ஆசிகள், பிள்ளைகளுக்கு அன்பு, கோழிகளுக்கு அனுதாபம்.

இப்படிக்கு,
அய்யாவு

பின்குறிப்பு: வாசுகிக்கு இரண்டு நாளாக இருமல். டாக்டர் கொடுத்த மாத்திரையை வலி நின்ற மூன்றாம் நாளே நிறுத்தி, மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்தேன். அதைத்தான் காலையும் மாலையும் அவளுக்குக் கொடுத்து வருகிறேன், நன்றாகக் கேட்கிறது. கஸ்தூரிக்கும் இருமலாமே, நாலு மாத்திரை பஸ்ஸில் கொடுத்தனுப்பட்டுமா?