துணை ரேகை

“ஏன் கப்பல்காரம்மா, உங்க வீட்டுக்காரர் வீட்டுல இருக்காரா, கப்பல்ல இருக்காரா?” என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் மதில்மேல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. உள்ளே டாண் டாண் என்று மணி அடித்துக்கொண்டிருந்தது.

“அவர் வீட்டுலதான் இருக்காரு. வீடுதான் கப்பல்ல இருக்கு,” என்று சொல்லிவிட்டுக் கப்பல்காரம்மா உள்ளே ஓடினாள். மணி அடித்து மூன்று நிமிடத்துக்குள் சாப்பாட்டு மேசைக்கு வராவிட்டால் பெயர் அவருடைய நோட்டில் ஏறிவிடும்.

கப்பல்காரம்மா கப்பலைக் கிட்டத்தில்கூடப் பார்த்ததில்லை. கப்பலில் சமையல்காரராக இருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டதற்காகத் தெரு அவளுக்குக் கொடுத்த பட்டம் அது. இருபத்தாறு வருஷமாக அவர் வருஷத்துக்கு இரண்டு மாதம் வந்து விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போவார். விருந்தாளியை யாரும் பொறுத்துக்கொள்ளலாம்.

இந்த முறை வந்தவர் எட்டு மாதமாகப் போகவில்லை. அவர் வேலை பார்த்த கப்பலை உடைக்க விற்றுவிட்டார்கள். அடுத்த கப்பல் கிடைப்பதற்குள் அவருடைய பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. கேப்டன் முதல் சமையல்காரர் வரை எல்லாரும் ஐந்து நாள் பயிற்சியை மறுபடி முடித்தால்தான் கப்பலில் கால் வைக்கலாம் என்று அரசாங்கம் புது விதி போட்டிருந்தது. முப்பது வருஷம் கடலில் இருந்தவனுக்கு எவன் என்ன சொல்லிக்கொடுப்பது என்று அவர் வீம்பாக உட்கார்ந்துவிட்டார்.

சும்மா உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை. குளிர்பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டினார். ‘காலை ஆறு முதல் பன்னிரண்டு வரை பணி: மனைவி. பன்னிரண்டு முதல் ஆறு வரை பணி: மனைவி. மேற்பார்வை: நான்.’ வாரம் ஒருமுறை வெள்ளைக் கைக்குட்டையால் அடுப்புக்கு அடியில் துடைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவருக்கு இருபத்து நாலு பேருக்குக் குறைந்து சமைக்கத் தெரியாது. கை அளவு அப்படிப் படிந்துவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட வீட்டில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். தெரு முழுக்க எட்டு மாதமாக சூப் குடித்தது. இப்போதெல்லாம் கப்பல்காரம்மா வாளியோடு வெளியே வந்தால் நாய்கள்கூட எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடுகின்றன.

அப்போதுதான் ஏஜென்ட் போன் செய்தார்.

“வர்ற திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை ஒரு கப்பல் கிளம்புது. அதுக்குள்ள சான்றிதழ் வாங்கிட்டா ஏறிக்கலாம். இல்லேன்னா இன்னும் ஒரு வருஷத்துக்கு என்கிட்ட இடம் கிடையாதுங்க.”

இன்னும் ஒரு வருஷம்! கப்பல்காரம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. விழுந்ததை அவர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில், காகிதங்களை எல்லாம் அடுக்கிக் கட்டி, கணவரையும் ஏறக்குறைய கட்டி, பயிற்சி நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

வாசலிலேயே தகராறு. வருகைப் பதிவுக்கு ஒரு கைரேகை இயந்திரம் வைத்திருந்தார்கள். அவர் விரலை வைத்தார்.

“ரேகை இல்லை. மீண்டும் முயலவும்,” என்றது இயந்திரம், இனிமையான பெண் குரலில்.

வலது கை, இடது கை, கட்டைவிரல், சுண்டுவிரல் என்று பத்தும் முயன்றாயிற்று. கிளார்க் அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷம் வெங்காயம் உரித்து, சூடான சட்டியை வெறுங்கையால் தூக்கிய கை. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது.

“விரல் இருக்கு சார். ரேகைதான் இல்ல.”

“ரேகை இல்லாமலா முப்பது வருஷம் சமைச்சேன்?”

“சமைச்சதாலதான் சார் இல்ல.”

“பதியலேன்னா பயிற்சி கிடையாதா?” என்று கப்பல்காரம்மா பதறினாள். “ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. எப்படியாவது இவரை ஏத்தி விட்டுடுங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும்.”

அவள் முகத்தைப் பார்த்துக் கிளார்க்குக்கு இரக்கம் வந்தது. தடிமனான விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “இருங்கம்மா... இதோ இருக்கு. ரேகை பதியாதவங்களுக்குக் குடும்பத்துல ஒருத்தர் துணை ரேகை கொடுக்கலாம். நீங்க அவர் சம்சாரம்தானே? இந்தப் படிவத்துல பேரெழுதி, விரலை வைங்க.”

வைத்தாள்.

“நன்றி,” என்றது இயந்திரம்.

கப்பல்காரம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை ஒருவர் அவளிடம் சொல்வது அதுதான் முதல் தடவை.

பிரச்சினை தீர்ந்தது என்று வீட்டுக்குக் கிளம்பியவளைக் கிளார்க் நிறுத்தினார். “எங்கம்மா போறீங்க? ஒரு நாளைக்கு நாலு தடவை வைக்கணும். எந்த நேரத்துல கூப்பிடும்னு அதுக்கே தெரியாது.”

சரி, வராந்தாவில் உட்காரலாம் என்றால், வெளியாட்கள் வளாகத்தில் இருக்கக்கூடாது என்று ஒரு விதி. வகுப்புக்குள் இருந்தால் வெளியாள் இல்லை. ஆகவே கப்பல்காரம்மா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

பாடம் நடத்தியவர் கழுத்தில் விசில் தொங்கவிட்ட ஒரு பழைய மாலுமி. எதற்கெடுத்தாலும் ஊதுவார்.

“சமையலறையில எண்ணெய்ச் சட்டி பத்திக்கிச்சு. முதல்ல என்ன செய்வீங்க?” என்று கப்பல்காரரைப் பார்த்துக் கேட்டார்.

“யார் பத்தவச்சதுன்னு விசாரிப்பேன்.”

வகுப்பு சிரித்தது. விசில் அலறியது.

“அடுப்பை அணைச்சிட்டு, மூடியைப் போட்டு மூடணும்,” என்றது பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல்.

“அது யாரு?”

“துணை ரேகைங்க.”

“ரேகைக்குத் தெரியுது, ஆளுக்குத் தெரியலையே!” என்றார் விசில் வாத்தியார்.

செவ்வாய்க்கிழமை முதலுதவி. கட்டுப்போடும் பொம்மை உடைந்து கிடந்ததால், அதிகம் பேசுகிறவர் என்று கப்பல்காரரையே பலகையில் படுக்கவைத்தார்கள். தாடை எலும்பு முறிந்ததாகப் பாவனை. ஆளுக்கொரு கட்டு. கப்பல்காரம்மா போட்ட கட்டை வாத்தியார் வகுப்புக்கே தூக்கிக் காட்டினார். “பாருங்க, இதுதான் கட்டு! வாயைத் திறக்கவே முடியாது!” அவிழ்க்கச் சொல்ல அவர் மறந்துவிட்டார். கப்பல்காரம்மா டீ வரும்வரை ஞாபகப்படுத்தவில்லை.

புதன்கிழமை ஒரு புதுச் சுற்றறிக்கை வந்தது. எங்கேயோ ஆள்மாறாட்டம் நடந்துவிட்டதாம். இனி விரல் வைக்கும்போது முகத்தையும் படம் எடுக்கும். படத்தில் பாதுகாப்பு உடையும் தலைக்கவசமும் இருக்க வேண்டும்.

“விரல் அவளுது. முகம் என்னுது. அப்படி எடுங்க,” என்றார் கப்பல்காரர், இயந்திரத்துக்கு முன்னால் மீசையை முறுக்கி நின்று.

“முகம் பொருந்தவில்லை,” என்றது இயந்திரம்.

“அட, உன்னை யார் கேட்டா?”

“சார், மிஷின்கிட்ட சண்டை போடாதீங்க. மூணு தடவை தப்பானா பூட்டிக்கும். விரல் யாருதோ முகமும் அவங்களுதா இருக்கணுமாம். அம்மா முகத்தையே காட்டட்டும். கடைசியில திருத்திக்கலாம்,” என்றார் கிளார்க்.

இப்படியாகக் கப்பல்காரம்மா கணவரின் ‘பாய்லர் சூட்’ என்ற முழுநீளப் பாதுகாப்பு உடையைக் காலிலும் கையிலும் நாலு மடிப்பு மடித்துப் போட்டுக்கொண்டு, மஞ்சள் தலைக்கவசத்தோடு படத்துக்கு நின்றாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார் கிளார்க்.

“யாருது பாய்லர் சூட்டு?” என்று முறைத்தார் கப்பல்காரர்.

வியாழக்கிழமை எரிகிற தகரப் பீப்பாயை அணைத்தார்கள். அன்று ஒன்றும் நடக்கவில்லை, பீப்பாயோடு சேர்த்து இன்னொன்றையும் கப்பல்காரர் நனைத்துவிட்டார் என்பதைத் தவிர. அந்த இன்னொன்று விசில் வாத்தியார்.

வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனை. மூன்று ஆள் உயரத்துப் பலகையிலிருந்து லைஃப் ஜாக்கெட்டோடு குளத்தில் குதிக்க வேண்டும். கப்பல்காரர் வெங்காய மூட்டை விழுவதுபோல் விழுந்தார். அலை கரையைத் தாண்டி வந்தது. மூச்சு வாங்க மேலே ஏறி, “முடிஞ்சுதுடா சாமி,” என்றார்.

கப்பல்காரம்மா கரையோரம் இருந்த இயந்திரத்தில் விரலை வைத்தாள்.

“விரல் உலர்ந்துள்ளது. மீண்டும் முயலவும்.”

கிளார்க் தலையைச் சொறிந்தார். “ஆமாம்மா. இந்த மாசத்திலிருந்து வந்த விதி. குதிக்காதவங்களைக் குதிச்சதா எழுதிடறாங்கன்னு, ஈர விரல்தான் எடுக்கும்.”

அவள் விரலைக் குளத்தில் நனைத்து வைத்தாள்.

“முகம் உலர்ந்துள்ளது. மீண்டும் முயலவும். இது கடைசி வாய்ப்பு.”

ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிடலாம் என்றார் கப்பல்காரர். கிளார்க் கையெடுத்துக் கும்பிட்டார். “வேணாம் சார். குளத்திலிருந்து ஏறி வர்றதையே அது பார்க்குமாம். தப்பாச்சுன்னா அஞ்சு நாளும் அழிஞ்சுடும். அடுத்த வகுப்பு அடுத்த மாசம்தான்.”

எல்லாரும் கப்பல்காரம்மாவைப் பார்த்தார்கள்.

“என்னங்க, எனக்கு நீச்சல் தெரியாதே!”

“ஜாக்கெட் மிதக்கும்மா. நீங்க சும்மா உள்ள இருந்தா போதும்,” என்றார் விசில் வாத்தியார்.

“குதிடி! என் பொழைப்பே போகுது!” என்றார் கப்பல்காரர்.

ஏணியில் ஏறினாள். பலகை நுனிக்குப் போய்க் கீழே பார்த்தாள். திரும்பிவிடலாமா? திரும்பினால் ஒரு வருஷம். தினம் மூன்று வேளை மணி. தினம் இருபத்து நாலு பேருக்கு சூப். கப்பல்காரம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காலை எடுத்து வைத்தாள்.

தண்ணீருக்கு அடியில் ஒரே அமைதி. யாரும் மணி அடிக்கவில்லை. யாரும் நோட்டில் எழுதவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாமே என்று நினைப்பதற்குள் ஜாக்கெட் அவளைத் தக்கையாக மேலே தள்ளிவிட்டது.

“தேர்ச்சி. நன்றி,” என்றது இயந்திரம்.

வகுப்பே கைதட்டியது. படத்தில் அவள் பல் முழுக்கத் தெரியச் சிரித்திருந்தாள்.

சனிக்கிழமை காலை சான்றிதழ் கைக்கு வந்தது. பெயர் அவருடையது. அதற்குமேல் மஞ்சள் தலைக்கவசமும் சொட்டும் முடியுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது அவர் மனைவி.

ஏஜென்ட் தன் ஆபீசில் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “இதை வச்சு உங்களை ஏத்தினா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. எதிர்ல அரசாங்க ஆபீஸ்ல திருத்தற கவுண்டர் இருக்கு. இன்னைக்கு மதியம் ஒரு மணிக்குள்ள பேரும் படமும் ஒத்துப்போற சான்றிதழோட, சமைக்கத் தெரிஞ்ச ஆள் யார் வந்தாலும் ஏத்திடுவேன். இருபத்து நாலு பேர் பட்டினி கிடக்க முடியாது பாருங்க.”

இருவரும் தெருவைத் தாண்டி ஓடினார்கள். கவுண்டரில் ஓர் அதிகாரியம்மா. அவசரம் என்ற சொல்லைக் காதாலும் கேட்டறியாத முகம்.

“பாருங்கம்மா,” என்று கப்பல்காரர் கண்ணாடித் தடுப்பில் முட்டிக்கொண்டார். “அஞ்சு நாள் வகுப்புல உட்கார்ந்தேன். தீயை அணைச்சேன். குளத்துல குதிச்சேன். கடைசியில இவ மூஞ்சியை ஒட்டி அனுப்பியிருக்காங்க. ஒரு மணிக்குள்ள திருத்தணும்.”

“கத்தாதீங்க. பார்க்கறேன்.” கணினியைத் தட்டினார். “ரேகை இருபது தடவை. இருபதும் ஒரே ஆள். முகம் பன்னிரண்டு தடவை. பன்னிரண்டும் ஒரே ஆள். ஈர விரல், ஈர முகம், சரி. வாத்தியார் குறிப்பு... ‘எண்ணெய்த் தீயில் நல்ல நிதானம், கட்டுப்போடுவதில் முதலிடம்.’ ம். தப்பு எங்கேன்னு தெரிஞ்சுபோச்சு.”

“அப்பாடா! திருத்திடுங்கம்மா, திருத்திடுங்க!”

அதிகாரியம்மா துணை ரேகைப் படிவத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டினார். புதுத் தாள் வந்தது. முத்திரை விழுந்தது. கப்பல்காரர் நீட்டிய கையைத் தாண்டி, அந்தத் தாளைப் பின்னால் நின்ற கப்பல்காரம்மாவிடம் நீட்டினார்.

“விரலைத் திருத்த எங்க விதியில இடமில்ல. முகத்தைத் திருத்தவும் இடமில்ல. பேரைத் திருத்தத்தான் படிவம் இருக்கு. உங்க பேரைப் போட்டுட்டேன், நல்லபடியா போயிட்டு வாங்கம்மா.”

கப்பல்காரர் தடுப்பைப் பிடித்துக்கொண்டு விதிப் புத்தகத்தைக் காட்டச் சொல்லிக் கத்தத் தொடங்கினார். கப்பல்காரம்மா முத்திரையின் மை காயும்வரை ஊதினாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. தாளை மடிக்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு, கணவரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஏஜென்ட் ஆபீசைப் பார்த்து நடந்தாள்.