பிரிக்கக் கூடாத கவர்

கவரின் வாய் திறந்திருந்தது. திறந்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு யாரோ செய்த வேலையைப் பார்ப்பதுபோல் முறைத்துக்கொண்டிருந்தார்.

அவர் பிஸ்கட் கம்பெனியில் தரப் பரிசோதகர். ஒட்டி வந்த பாக்கெட்டைப் பிரித்து, மேலே எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தாலும் விரல்கள் சும்மா இருப்பதில்லை. யாருக்காவது பிறந்தநாள் பரிசு கொண்டுபோனால், அவர்கள் வாசலிலேயே நின்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

ஆனால் இது பிஸ்கட் அல்ல. மகளின் மதிப்பெண் பட்டியல். அமெரிக்காவில் டாக்டருக்குப் படிக்க விண்ணப்பிக்கிறாள். வெளிநாட்டுப் பட்டம் என்றாலே அங்கே முக்கால்வாசிக் கல்லூரிகள் கதவைச் சாத்திவிடுகின்றன. மிச்சமிருப்பவை, பட்டத்தை எடைபோட்டுச் சொல்லும் ஒரு நிறுவனத்தைக் கைகாட்டுகின்றன. அந்த நிறுவனம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறது. பல்கலைக்கழகம் ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்திய கவர், பிரிக்கப்படாமல் வந்து சேர வேண்டும். அனுப்ப வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

காலையில் மகள் அதை மேஜைமேல் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"அப்பா, இதைத் தொடாதீங்க. பிரிச்சா செல்லாது."

"நான் ஏம்மா தொடப்போறேன்?"

அவள் தெருமுனை திரும்பும்வரை தொடவில்லை.

உள்ளே பெயர் சரி. மதிப்பெண் சரி. பக்கங்களின் வரிசை சரி. கவர்தான் சரியில்லை.

"வீட்டுல பசை இருக்கா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

மனைவி கரண்டியோடு வந்தாள். "பிரிச்சிட்டீங்களா?"

"ஓரமாத்தான்."

"ஓரமாப் பிரிக்கிறதுன்னா என்னங்க? ஓரமாக் கிணத்துல விழுற மாதிரியா?"

அலமாரியில் கிடந்த பசையை எடுத்துத் தடவினார். கொஞ்சம் தாராளமாகவே தடவினார். முத்திரையின் ஊதா மை ஈரத்தில் கலங்கி, கரை தாண்டப் பார்த்தது.

"ஈரம் போயிட்டா சரியாயிடும்," என்று இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினார். கவர் நேரடியாகச் சுடக் கூடாது என்று கையில் அகப்பட்ட வெள்ளைத் துணியை மேலே விரித்துத் தேய்த்தார். ஈரம் போயிற்று. முத்திரையும் போயிற்று. துணியை விட்டு விலகிய ஓரத்தில் கவர் பழுப்பாகக் கருகியிருந்தது.

மனைவி துணியைத் தூக்கிப் பார்த்தாள். "இது உங்க சட்டை."

சட்டைப் பையின்மேல் பல்கலைக்கழகத்தின் முத்திரை, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி, வட்டமாக, அழகாக விழுந்திருந்தது.

"மூணு வருஷமா தூக்கம் முழிச்சுப் படிச்சா. நீங்க மூணு நிமிஷத்துல இஸ்திரி போட்டுட்டீங்க," என்றாள் அவள். "போய் வேற கவர் வாங்கிட்டு வாங்க. அவ வர்றதுக்குள்ள."

"வேற சட்டை எடு."

"எல்லாம் ஊறுது."

அவர் அந்தச் சட்டையையே மாட்டிக்கொண்டு, பைமேல் கவரை அழுத்திப் பிடித்தபடி கிளம்பினார். பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். நெஞ்சு வலி என்று நினைத்திருக்க வேண்டும்.

பல்கலைக்கழக அலுவலகத்தில் எழுத்தர் தலை நிமிரவில்லை. "புதுக் கவர் வேணும்னா படிச்சவங்க நேர்ல வரணும். இல்லேன்னா பழைய கவரைக் காட்டணும்."

காட்ட வேண்டுமானால் நெஞ்சிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தார்.

"தண்ணி பட்டுருச்சு சார்."

"தண்ணி பட்டா கருகுமா?"

"காய வச்சேன்."

"எதுல, சூளையிலயா?" எழுத்தர் இப்போது நிமிர்ந்தார். பார்வை கவரிலிருந்து சட்டைப் பைக்கு வந்து நின்றது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "இது எங்க சீலாச்சே. உங்க சட்டையில என்ன பண்ணுது?"

"டிசைன் சார்."

"டிசைனா?"

"சட்டையோடவே வந்தது."

எழுத்தர் எழுந்தே நின்றுவிட்டார். "போலி சீல் செஞ்சு சட்டையில அடிச்சுப் பார்த்திருக்கீங்க. கவரை உடைச்சு மார்க்கைத் திருத்தி, திரும்ப ஒட்டியிருக்கீங்க. இந்த மாதிரி வந்தா, இந்தப் பொண்ணோட பேரை நிறுத்தி வைங்கன்னு அமெரிக்காவுக்கு எழுதணும். பதிவாளர்கிட்ட சொல்றேன்." போனைக் கையில் எடுத்தார்.

பரிசோதகர் மேஜையின் குறுக்கே சாய்ந்து போனின்மேல் கையை வைத்தார்.

"சார், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் பிரிச்சேன். நான்தான் ஒட்டினேன். இஸ்திரியும் நான்தான். ஒட்டி வச்ச எதையும் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க என்னால முடியாது. என்மேல என்ன வேணா எழுதுங்க. அவ பேரைத் தொடாதீங்க."

எழுத்தர் போனை விடவில்லை. "எதுக்குத்தான் பிரிச்சீங்க?"

"உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு சார்."

எழுத்தர் போனிலிருந்து அவர் கையை எடுத்துவிட்டு, எண்களை அழுத்த ஆரம்பித்தார்.

மூலையில் உட்கார்ந்து கவர்களுக்குப் பசை போட்டுக்கொண்டிருந்த அட்டெண்டர், வேலையை நிறுத்தாமலே சொன்னார்:

"போனை வைங்க சார். அந்தப் பொண்ணு நேத்து ரெண்டு கவர் கேட்டுச்சு. ஒண்ணை நானே அமெரிக்காவுக்குத் தபால்ல சேர்த்துட்டேன். இன்னொண்ணு எதுக்கும்மான்னு கேட்டதுக்கு, அப்பா பிரிக்கிறதுக்குன்னு சொல்லுச்சு."