டென்மார்க்கில் முறிந்த நோர்வேக் கால்

ரொம்மன், ஒஸ்லோ
12.10.2024

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் குகநேசனுக்கு,

என் இடது கணுக்கால் நீங்கலாக நாங்கள் எல்லோரும் சுகம். டென்மார்க்கில் உமது வீட்டாரும் புதுமணத் தம்பதிகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீர் அழித்துவிடுவீர் என்பதால் தாளில் எழுதுகிறேன்.

உமது மகள் நிரோஜாவின் கலியாணத்தில், மணமக்களுக்கு அறுகரிசி போட்டு வாழ்த்த ஏறிய நான் வேட்டி தடக்கி மணவறைப் படியில் விழுந்து கணுக்காலை முறித்தது உண்மை. வீடியோக்காரன் அதை மூன்று கோணத்தில் எடுத்ததும் உண்மை. ஆனால் நாலாம் சடங்கு விருந்தில், சம்பந்தி வீட்டார் அவ்வளவு பேரும் பார்த்திருக்க, என் காலுக்கு உமது ஊர் ஆஸ்பத்திரியில் போட்ட மாக்கட்டில் தட்டி, "இது எங்கட டென்மார்க் வரிக்காசு மச்சான், கவனமா வைச்சிரும்" என்று சொன்னீரே! அதற்குப் பிறகு எனக்குப் பாயாசமே இறங்கவில்லை. உமது தங்கச்சி அருள்ராணியைக் கட்டி இருபத்தெட்டு வருடம். உம்மிடம் ஒரு தேத்தண்ணிக்குக்கூடக் கடன்பட்டவனில்லை நான்.

ஆஸ்பத்திரியில் பில்லைத் தாருங்கள் என்று மூன்று தரம் கேட்டேன். தாதிப் பிள்ளை என் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, "நோர்வேயோ? அப்ப ஒண்டும் தேவையில்லை" என்று சிரித்தாள். எங்கள் நாட்டின் மதிப்பைப் பாரும்! ஐரோப்பாவில் சட்டம் என்னவென்றால், ஒரு நாட்டுக்காரன் இன்னொரு நாட்டில் விழுந்தால் வைத்தியம் பார்த்த நாடு செலவை எழுதி அனுப்பும், அவனுடைய நாடு கட்டும், இப்ப என்ர ஒரு காலுக்காக இரண்டு அரசாங்கம் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும், எக்ஸ்ரேக்கு இவ்வளவு, கட்டுக்கு இவ்வளவு எண்டு உங்கட ஆக்கள் கேட்க, எங்கட ஆக்கள் மறுபேச்சில்லாமல் குடுப்பினம், முப்பத்தொரு வருசம் விடியப்புறம் எழும்பிப் பேக்கரியில மா குழைச்சு நான் கட்டின வரி மச்சான் அது, எங்கட பரம்பரையில ஒருத்தற்ற காலுக்கும் இந்த மரியாதை கிடைச்சதில்லை!

ஆகவே இக்கடிதத்தைச் சம்பந்தி வீட்டாருக்கு உரத்து வாசித்துக் காட்டவும். மணமக்கள் நிறையப் பிள்ளைகளோடும் உறுதியான எலும்புகளோடும் வாழ எங்கள் ஆசிகள்.

கடனேதும் இல்லாத,
இரவீந்திரன்

பிற்குறிப்பு: உறையை ஒட்டமுன் மகள் யதுர்ஷா வாசித்துவிட்டாள். "அப்பா, நோர்வே, டென்மார்க், சுவீடன் எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் ஆஸ்பத்திரிப் பில் அனுப்புறேல்லை எண்டு எப்பவோ ஒப்பந்தம் செய்திட்டினம். உங்கட காலைப் பற்றி ஒருத்தரும் ஒரு வரியும் எழுதேல்லை. மாமா சொன்னது சரிதான்" என்றாள். நானும் தேடிப் பார்த்தேன். சரிதான். சம்பந்தி வீட்டாருக்கு வாசிக்க வேண்டாம். ஆனால் மச்சான், கடனோடு இருக்க என்னால் ஏலாது. தை மாதம் ரொம்மன் நடைபாதை முழுக்கப் பனிக்கட்டி. விமான ரிக்கெற் நான் போடுகிறேன். ஒருக்கா வந்து விழுந்திட்டுப் போம்.