மூடி இல்லாத டீக்கெண்டியும் ஏழாவது நாவலும்

ஆஸ்திரேலியாவில் எங்கள் விர்ரபங் ஊரில் ஒருவர் வீட்டுப் பின்புறம் கோழிக்கூடு கட்ட ஆசைப்பட்டால், முதலில் வேலியில் மஞ்சள் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பதினான்கு நாள் அது வெயிலில் காயும். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்சேபிக்கலாம்; கோழி என்றால் என்னவென்று கேள்விப்பட்ட எவரும் ஆட்சேபிக்கலாம். இந்த ஏற்பாட்டை மட்டும் இதுவரை ஒருவரும் ஆட்சேபித்ததில்லை.

நகராட்சியில் அந்த மனுக்களை வாங்கி முத்திரை குத்துவது என் உத்தியோகம். பத்தொன்பது வருஷமாக ஒரே ஜன்னல், ஒரே முத்திரை. கூட்டம் நடந்தால் குறிப்பு எடுப்பதும் நான்தான். ஆகவே, மெர்ல் ட்ரென்கோவின் ஏழாவது நாவலுக்கு மஞ்சள் நோட்டீஸ் ஒட்டிய வரலாற்றைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

மெர்ல் எங்கள் ஊர் நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் கொலை நாவல் வரிசை ஒன்றை ஆரம்பித்தார். கதை நடப்பது எங்கள் ஊரிலேயே. துப்புத் துலக்குவது எனிட் என்ற தபால் ஆபீஸ் அம்மாள். மொத்தம் ஏழு புத்தகம், எட்டாவது கிடையாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். ஏழாவதின் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தார். முதல் புத்தகத்தில் மளிகைக்காரர் செத்துக் கிடக்கிறார், பக்கத்தில் ஒரு நீல டீக்கெண்டி, மூடியைக் காணோம். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு கொலைகாரன் பிடிபடுவான். ஆனால் இவர்களையெல்லாம் பின்னால் இருந்து தூண்டிவிட்டது யார், மூடி எங்கே போயிற்று என்பது ஏழாவதில்தான் தெரியும்.

புத்தகங்கள் ஓடின. சனிக்கிழமைதோறும் வாசகர்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். மாவு மூட்டைக்குள் பிணம் கிடந்ததாக மெர்ல் எழுதிய பேக்கரியில், அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டே ஸ்கோன் ரொட்டி தின்ன வாசல்வரை வரிசை நின்றது. நன்றிப் பெருக்கில் நகராட்சி ஊர் முகப்பில் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு நீல டீக்கெண்டி கட்டியது. புத்தகத்தில் மூடி இல்லை என்பதால் இதற்கும் மூடி வைக்கவில்லை. மழைத் தண்ணீர் நிரம்பி இப்போது உள்ளே நிறைய வாத்து குடியிருக்கிறது.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது மேயர் ரெஜ் டிட்மார்ஷ் ஒருநாள் பயிலரங்குக்கு மெல்போர்ன் போனார். அவர் அங்கே போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டார். போன தடவை மனநிறைவுத் தியானம் கொண்டுவந்தார். அதற்காக வாங்கிப் போட்ட பஞ்சு மூட்டை நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இன்றைக்கும் இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தடவை 'கதைப் பிரபஞ்சம்' என்று ஒன்று கொண்டுவந்தார். வந்ததும் மெர்லைக் கூப்பிட்டனுப்பினார்.

"மெர்ல், ஏழோட முடிக்கப் போறீங்களாமே?"

"பதினாலு வருஷமா அதத்தானே சொல்லிக்கிட்டிருக்கேன்?"

"பிரபஞ்சம்னா முடியவே கூடாதாம். விரிஞ்சுக்கிட்டே போகணுமாம். எனிட்டுக்கு ஒரு தங்கச்சி, தங்கச்சிக்கு ஒரு நாய், நாய்க்குத் தனியா மூணு புத்தகம்..."

"ரெஜ், முடிவ எழுதி வச்சிட்டுத்தான் நான் ஆரம்பத்தையே எழுதினேன். ஆறு புத்தகத்துல ஒவ்வொரு துப்பும் அந்த ஒரு பக்கத்தப் பாத்துதான் நடந்து வருது. அது இல்லன்னா நான் எழுதினது கதையில்ல, வெறும் பொணங்க."

"சரி, மூடி கிடைச்சிடுமா?"

"கிடைக்கும்."

மேயர் வெலவெலத்துப்போனார். "புத்தகத்துல கிடைச்சா நாமளும் வைக்கணும்! அவ்வளவு உசரத்துக்கு மூடியத் தூக்க கிரேன் வேணும். கிரேன் டன்மாலியிலதான் இருக்கு!"

டன்மாலி பக்கத்து ஊர். கால்பந்தில் எங்களை இருபத்திரண்டு வருஷமாக அடித்துக்கொண்டிருக்கும் ஊர். அவர்களிடம் போய்க் கிரேன் கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

கட்டட அனுமதி அதிகாரி பிரான்வென் ஸ்க்யூஸ் சட்டத்தைப் புரட்டினார். ஊரின் தோற்றத்தையோ மக்கள்தொகையையோ மாற்றும் எந்த முயற்சியும் 'மேம்பாடு' என்று அதில் இருந்தது. ஏழாவது நாவலில் இரண்டு பேர் சாகிறார்கள்; மக்கள்தொகை மாறுகிறது. ஆகவே அது மேம்பாடு. ஆகவே மஞ்சள் நோட்டீஸ். நகராட்சியிடமிருந்து வந்த கடிதத்தைப் பார்த்துப் பயந்துபோன பதிப்பாளர், அனுமதி இல்லாமல் ஒரு பக்கம்கூட அச்சடிக்க மாட்டேன் என்றுவிட்டார்.

மெர்ல் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கதைத் திட்டத்தைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலுக்கு வந்தார்.

"கடைசிப் பக்கமும் இதுல இருக்கு. யார் வேணா படிக்கலாமா?"

"சட்டப்படி யார் வேணா படிக்கலாங்க. ஒம்பதுலேருந்து நாலரை வரைக்கும்."

"கொலகாரன் யாருன்னு பதினாலு நாள்ல ஊருக்கே தெரிஞ்சிடும். பதினாலு வருஷம் பொத்திப் பொத்தி வச்சதெல்லாம் போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்களும் படிப்பீங்களா?"

"எனக்குப் படிக்கிற வேலை இல்லைங்க. முத்திரை மட்டும்தான்."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. மேஜையில் நான் கிளிப் போட்டு வைத்திருக்கும் நீலக் கிண்ணத்திலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து, ரசீதை மடித்துக் குத்திக் கொடுத்தேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் தெளிந்த முகத்தோடு போய்விட்டார்.

மறுநாள் காலையில் ஊரே ஜன்னலில் நின்றது. முதல் ஆள் கறிக்கடை கிளைவ் நான்கர்விஸ்.

"யோவ், அந்தக் கதைய எடு."

எடுத்துக் கொடுத்தேன். மெர்ல் நூலகர் அல்லவா, யார் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று கடைசியில் பெயர் அகராதி சேர்த்திருந்தார். கிளைவ் நேராக அங்கே போய்த் தன் பெயரைத் தேடினார். எண்பத்து மூன்றாம் பக்கம். அதைப் படித்தார். மூடினார்.

"நான் வெறுமனே சாசேஜ் விக்கிறேனாம்! ஏழு புத்தகம் ஆச்சு, இன்னும் என்னக் கொல்லல. பேக்கரிக்காரன் மூட்டை மூட்டையா சம்பாதிக்கிறான். என் கடையில ஒரு பொணம் விழக்கூடாதா? எங்கிட்ட குளிர் அறையே இருக்கு!"

"மீதியையும் படிச்சுப் பாருங்களேன்."

"எம்பேரு இல்லாத பக்கத்த நான் ஏன்யா படிக்கணும்?"

பின்னால் வந்தவர்களும் அப்படியே, தங்களைப் பற்றிய பக்கத்தோடு சரி. பதினான்கு நாளில் இருநூற்றுப் பதினான்கு ஆட்சேபணை வந்தது. கோழிக்கூட்டுக்கு அச்சடித்த படிவம்தான். நிழல், வாகன நிறுத்தம், சத்தம் என்று மூன்றே கட்டம். 'கொலைகாரன் சத்தம் போடாமல் நடக்கிறான். எங்கள் நாய் எப்படிக் குரைக்கும்?' என்று ஒருவர் சத்தத்தில் டிக் அடித்திருந்தார். கோடையில் நெருப்பே மூட்டக் கூடாத தீத்தடை நாளில் பிணத்தின் வாயில் புகையிலைக் குழாய் புகைந்துகொண்டிருப்பதைத் தீயணைப்புப் படை கண்டித்தது. விசாரணைக் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள்.

கூட்டத்தன்று மண்டபத்து வாசலில் சாசேஜ் சுட்டார்கள். உள்ளே லாமிங்டன் கேக். நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எழுதினேன்.

பிரான்வென் எழுந்தார். "பொதுமக்கள் கருத்தின்படி, கொலைகாரர் யாராக இருக்கக் கூடாது என்பதை இச்சபை நிர்ணயிக்கும்."

"டன்மாலிக்காரனாப் போடுங்க!" என்று கூட்டம் கத்தியது.

"முடியாது," என்றார் மேயர். "குப்பை வண்டி ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான். அத நிறுத்திடுவாங்க."

"அப்போ வெளியூர்க்காரங்க?"

"பஸ்ல வர்றவங்கள நம்பித்தானே பொழப்பு?"

தீயணைப்புப் படை தங்களில் யாரும் கொலைகாரராக இருக்கக் கூடாது என்றது. கால்பந்துக் குழுவும் மாதர் சங்கமும் அதையே சொன்னார்கள். விவசாயிகள் ஏற்கெனவே மழையில்லாமல் கஷ்டப்படுவதால் கொலைப்பழியும் தாங்கமாட்டோம் என்றார்கள். கடைக்காரர்கள் சாகத் தயார், கொல்லத் தயாரில்லை. செத்துப்போன யாராவது என்று ஒருவர் யோசனை சொன்னார். மயானக் குழுத் தலைவர் துள்ளி எழுந்தார். நகராட்சி அதிகாரிகளில் நான்காம் நிலையும் அதற்கு மேலும் இருப்பவர்கள் கூடாது என்று பிரான்வென் தானாகவே சேர்த்துக்கொண்டார். அவர் நான்காம் நிலை. ஒவ்வொன்றையும் நான் வரிசையாக எண் போட்டு எழுதினேன். முப்பத்தொரு நிபந்தனை.

மெர்ல் அமைதியாகக் கேட்டார். "அப்புறம் யார்தான் மிச்சம்?"

"அது கதையோட கட்டமைப்புப் பிரச்சினை," என்றார் பிரான்வென். "கட்டமைப்புக்கு எழுத்தாளரே பொறுப்பு."

"மூடி?"

"கிடைக்கலாம்," என்றார் மேயர். "ஆனா கெண்டியில வைக்கக் கூடாது. வாத்து இருக்கு."

"கிளைவுக்கு?"

"ஒரு பொணம் குடுத்திடுங்க, பாவம்."

"சம்மதம்," என்றார் மெர்ல். "முப்பத்தொண்ணுக்கும் சம்மதம். முடிவுல ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்."

மேயருக்குப் பெருமை தாங்கவில்லை. பொதுமக்கள் கருத்தும் இலக்கியமும் கைகோத்த நாள் என்று குறிப்பில் எழுதச் சொன்னார். எழுதினேன்.

ஏழாவது நாவல் வந்தது. உத்தியோக முறைப்படி ஒரு பிரதி என் ஜன்னலுக்கு வந்தது; முத்திரை குத்தப் புரட்டியபோது கடைசிப் பக்கம் கண்ணில் பட்டுவிட்டது.

தூண்டிவிட்டவன் நகராட்சியின் ஜன்னல் ஆள்.

ஆறு புத்தகத்தையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தடவை வருகிறான். மனுவை வாங்குகிறான், முத்திரை குத்துகிறான், போய்விடுகிறான். பெயர் கிடையாது, அதனால் அகராதியிலும் இல்லை. யாருக்கு யார்மேல் வயிற்றெரிச்சல் என்பது ஊரிலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், எல்லா ஆட்சேபணையும் அவன் வழியாகத்தான் போகிறது. ஒருத்தருடைய மனுவை இன்னொருத்தர் கண்ணில் படும்படி தப்பான மேஜையில் வைப்பான். அவ்வளவுதான் அவன் செய்தது. மூடியைக் கவிழ்த்து, அதில் கிளிப் போட்டு வைத்திருக்கிறான்.

என் நீலக் கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்தேன். கடையில் பழைய சாமானோடு சாமானாக வாங்கியது. அடியில் சின்னக் குமிழ் இருந்தது. இத்தனை நாள் அது ஏன் ஆடுகிறது என்று யோசித்ததே இல்லை.

முப்பத்தொரு நிபந்தனையையும் மறுபடி படித்தேன். நான் கால்பந்து ஆடுவதில்லை, தீயணைப்பில் இல்லை, கடை இல்லை, நிலம் இல்லை, இன்னும் சாகவில்லை. இரண்டாம் நிலை. ஊரில் மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். என்னை விட்டுவிட்ட அந்தப் பட்டியலை ஒரு பிழைகூட இல்லாமல் எழுதியதும் நான்தான்.

கோபம் வந்தது, சொல்லாமல் என்ன? உடனே படிவத்தை எடுத்து ஆட்சேபணை எழுதினேன். பொருத்தமான கட்டம் இல்லாததால் நிழலில் டிக் அடித்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சமர்ப்பித்தேன். இந்தப் பக்கம் வந்து வாங்கிக்கொண்டேன். பதினான்கு நாள் எப்போதோ கடந்திருந்தது. 'காலம் கடந்தது, நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

இப்போது பஸ்கள் நேராக நகராட்சிக்கு வருகின்றன. என் ஜன்னல்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "கொலகாரனாயிட்டியே, குடுத்து வச்சவன்யா நீ!" என்று கிளைவ் பொறாமைப்படுகிறார். அவர் கடையில் பிணம் ஒன்றுதான்.

கெண்டிக்குப் பக்கத்தில் ஒன்பது மீட்டரில் பெரிய ஜன்னல் ஒன்று கட்டப்போகிறார்கள். கீழே பலகையில் என் பெயரைப் போட வேண்டும் என்றார் மேயர். அது என்னவென்று பிரான்வெனைக் கேட்டார். பிரான்வென் கிளைவைக் கேட்டார். கிளைவ் பேக்கரிக்காரரைக் கேட்டார். கடைசியில் 'ஜன்னல் ஆள்' என்றே எழுதிவிட்டார்கள். அந்த ஜன்னல் கட்டும் மனுவுக்கும் நேற்று நான்தான் முத்திரை குத்தினேன்.

ஊரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? நீங்களும்தான் முதல் வரியிலிருந்து என்கூடவே வருகிறீர்கள். உன் பேர் என்னப்பா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?